மார்க்கருக்குப் பாடி கட்டுதல்: சேந்தமங்கலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முதலில் ஆய்வெல்லை. கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராச சோழனைப் பிடித்துச் சிறைவைத்த சேந்தமங்கலம் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. அந்த வழக்கில் இக்கட்டுரை தலையிடாது. நாம் எடுத்துக்கொண்டது நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம். காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறப் போகிறவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணி, முன்கூட்டியே ஒரு டீ குடித்துக்கொள்ளும் ஊர்.

ஆய்வுப்பொருள் யாதெனின், கடையில் கிடைக்கும் மார்க்கர் ரீபிலுக்கு மரத்திலோ எபோனைட்டிலோ கடைசல் பிடித்து, தனக்கென்று ஓர் உடல் செய்துகொள்வது. உடலும் உயிரும் சேர்ந்தே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்போது இது எதற்கு என்று வினவுவார் உளர். அவர்கள் இத்துறைக்கு உரியர் அல்லர் என்க.

முன்னாய்வுகள் போதிய அளவில் இல்லை. எழுத்தாணி பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் எழுத்தாணியில் மை கிடையாது, ஓலையில் கீறி முடித்த பிறகுதான் கரியைத் தடவ வேண்டும். ரீபில் என்ற சிக்கலே எழவில்லை. அடுத்த சான்று ராஜமுந்திரி. கே. வி. ரத்னம் கையால் செய்த பேனா ஜே. சி. குமரப்பா மூலம் காந்திக்குப் போனது. எழுதிப் பார்த்த காந்தி, கடைவீதியில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றுதான் என்ற கருத்தில் 1935இல் நன்றிக் கடிதம் எழுதினார். மூன்றாவது சான்று திருவள்ளூர். அங்கே ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் தண்டைச் சக்கில் பூட்டிக் கடைகிறார்கள். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்த பொருள் அது. உளி பட்டதும் பட்டறையில் தீபாவளி மறுநாள் மணம் எழும். வேண்டுவோருக்கு ஜெர்மனியில் செய்த நிப்பையே அதில் பொருத்தித் தருகிறார்கள். உள்ளே இருப்பது அயலூர், வெளியே இருப்பது நம்மூர். இந்த நுட்பத்தைக் குறித்து வைத்துக்கொள்க. கட்டுரை இதன்மேல்தான் நிற்கிறது.

ஏனெனில் நாமக்கல் மாவட்டத்தின் மெய்யியலே இதுதான். லாரிக் கம்பெனி இஞ்சினும் சக்கரமும் பூட்டிய சேஸிஸை மட்டும் கொடுக்கும். அதன் ஓட்டுநர் வெயிலில், ஏதோ ஒரு பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நாமக்கல்வரை ஓட்டி வருவார். இங்கே மரமும் தகடும் வைத்துப் பாடி கட்டுவார்கள். கேபினில் குலதெய்வத்தின் பெயர் ஏறும், பின்பக்கம் தாமரை மலரும். அதன்பிறகே அது லாரி. கம்பெனி செய்தது ஓடும், ஊரார் செய்தது நிற்கும். இதே மாவட்டத்துக் குடிமகன் கடையில் மார்க்கர் ரீபிலை வாங்கும்போது அவன் கையில் இருப்பது என்ன? சேஸிஸ். மீதியை அவன் பட்டறையில் தேடுவது வினோதம் அன்று, வட்டார வழக்கம்.

இனிச் செய்முறை. மரத்துக்குக் கொல்லிமலைப் பலா உகந்தது. வீணைக்கு ஒத்துக்கொண்ட மரம் பேனாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகாது. புதிதில் மஞ்சளாக இருந்து வயதாக ஆகப் பழுப்பேறும். விதி ஒன்றே: துளை முதலில், வடிவம் பிறகு. நீளத் துளை நேராக ஓடாது. டிரில் பிட் மரத்தின் ரேகையைப் பார்த்து ஒதுங்கும். வெளியே அழகாக உருட்டிவிட்டு அப்புறம் துளைத்தால் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் வெளிச்சம் தெரியும்படியும் முடியும். துளையை முதலில் போட்டு, அந்தத் துளையையே அச்சாகப் பிடித்துக் கடைந்தால் அது எங்கே ஓடியிருந்தாலும் அதுவே நடு. விலகிப் போன இடத்தையே நடு என்று அறிவிக்கும் இம்முறையை அரசியல் அறிவியல் துறையினர் தனியே ஆராயலாம்.

மெருகில்தான் பெரும்பிழை நிகழ்கிறது. சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகிப் பூசிக்கொள்ளும், தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும். பார்த்தவர்க்கு ஆசை வரும். ஆனால் மார்க்கர் மைகள் பெரும்பாலும் ஸ்பிரிட் வகையைச் சேர்ந்தவை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர்கள் கதவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். எனவே அரக்கு மெருகிட்ட மார்க்கர் தன் சட்டையைத் தானே தின்னும். வெள்ளை வேட்டிக்காரர்கள் இதைப் பாக்கெட்டில் வைப்பதற்கு முன் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டும். எபோனைட்டுக்கு இத்தொல்லை இல்லை. கந்தக நாற்றத்தைப் பொறுத்துக்கொள்பவனுக்குக் கிடைக்கும் பரிசு அது.

மூடி தனி இயல். சாதாரணப் பேனாவில் மூடி அலங்காரம். மார்க்கரில் மூடிதான் பேனா, மற்றதெல்லாம் அதன் கைப்பிடி. காற்றுப் புகுந்தால் ஸ்பிரிட் பறந்து நார்முனை காய்ந்துவிடும். ஆகவே இறுக மூட வேண்டும். ஆனால் குழந்தை மூடியை விழுங்கினாலும் மூச்சு போய்வர வழி இருக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 11540 என்ற உலகத் தரம் சொல்கிறது. பேனா மூடிகளின் உச்சியில் ஓட்டை இருப்பது அதனால்தான். அடைக்கவும் வேண்டும், திறந்திருக்கவும் வேண்டும். உள்மூடி ஒன்று, வெளிமூடி ஒன்று எனக் கடைந்து, உள்ளதை அடைத்து வெளியதைத் திறந்துவிட்டால் இரு தரப்பும் சமாதானம் ஆகும்.

இவ்வூருக்கே உரிய சிக்கல் மலை. அடிவாரத்துக் காரவள்ளியில் மூடிய மார்க்கர் மலைமேல் செம்மேட்டில் திறக்கப்படும்போது ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயரம் ஏறியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். உள்ளே அடைபட்ட கீழ்நாட்டுக் காற்று விரிந்து மையை முனைக்குத் தள்ளும். நாரில் மை ஊறியிருக்கும் ரீபில் இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். மை நீராகவே நிற்கும் வகை, மிளகுச் சாக்கில் எழுத வேண்டியதை எழுதுபவரின் விரலில் எழுதிவிடும். உடலில் ஊசி நுழையும் அளவு காற்றுத்துளை விடுக. இறங்கும்போது இச்சிக்கல் எழாது. அப்போது வேறு சிக்கல்கள் உண்டு, அவை வாந்தி சம்பந்தப்பட்டவை.

களஆய்வில் கடைசல்காரர் ஒருவர் எழுப்பிய ஐயம் இங்கே பதிவுசெய்யத் தக்கது. ரீபிலை வெர்னியரில் பிடித்து அளந்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, பலாக்கட்டை நம்ம பேரன் காலத்துக்கும் கெடக்குமுங்க. நாளைக்கே அந்தக் கம்பெனிக்காரன் ரீபில்ல அரை மில்லி தடிச்சு விட்டுப்போட்டான்னா என்னங்க பண்ணுவீங்க?” 

பந்துமுனை ரீபிலுக்காவது ஐஎஸ்ஓ அளவுகள் உண்டு; பார்க்கர் மாதிரி ரீபில் எந்தக் கம்பெனியுடையதானாலும் சுமார் 98 மில்லிமீட்டர்தான். மார்க்கர் ரீபில்களோ ஆளுக்கொரு அளவு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்து சேஸிஸே மாறியபோது பட்டறைகள் புதுச் சேஸிஸுக்குப் பாடி கட்டிக்கொண்டன. சேஸிஸ் இல்லாமல் பாடி மட்டும் மிஞ்சும் துயரம் லாரிக்காரர்க்கு இல்லை, பேனாக்காரர்க்கு உண்டு. ரீபில்களை ஆயுளுக்கும் சேர்த்து வாங்கி வைக்கலாமே என்பர் ஒருசாரார். அது பொருந்தாது, அலமாரியில் கிடந்தே அவை காய்ந்துபோகும். துளையைத் தாராளமாக விட்டு, ரீபிலுக்கு ஏற்ப உள்ளே ஒரு பித்தளைக் குழலை மாற்றிக்கொள்ளலாம் என்பதே இவ்வாய்வின் துணிபு. கடைசல்காரரும் ஒத்துக்கொண்டார். குழலுக்குத் தனிக்கூலி என்றார்.

எஞ்சியது பெயர் எழுதும் சடங்கு. பாடி கட்டியபின் பெயர் எழுதாத வண்டி இந்த மாவட்டத்தில் சாலைக்கு வராது. பேனாவின் உடலில் குலதெய்வத்தின் பெயரை எழுத மிகப் பொருத்தமான கருவி மார்க்கர். ஆனால் எந்த மார்க்கரும் தன் முதுகில் தானே எழுத இயலாது. எனவே இரண்டாவது மார்க்கர் தேவை. அதற்கும் ஓர் உடல் தேவை. அதன் முதுகில் முதலாவது எழுதும். பட்டறையில் இரண்டுக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்தாயிற்று.