குண்டு விழுந்த ஊரில் நட்சத்திரம்

கேள்வி: உலகமெங்கும் சண்டை, விலைவாசி வேறு. இதில் வாசலில் காகித நட்சத்திரம் கட்டுவது கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பதுபோல் இல்லையா?
– ஒரு வாசகர், கார்டன் ரீச், கொல்கத்தா.

பதில்: நட்சத்திரமே கட்ட முடியாத கிறிஸ்துமஸை உங்கள் ஊர் பார்த்திருக்கிறதே, ஐயா! 1942 டிசம்பர் 20 இரவு ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போடத் தொடங்கின. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவும் விடவில்லை. ஊரே இருட்டடிப்பு. ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் கசிந்தாலும் குற்றம். வானத்து நிலாவை மட்டும் யாராலும் அணைக்க முடியவில்லை. குண்டு போட வந்தவனுக்கு அதுவே டார்ச் லைட்! அடுத்த ஆண்டு டிசம்பர் 5-இல் பக்கத்துக் கிதர்ப்பூர் துறைமுகத்தில் பட்டப்பகலிலேயே குண்டு விழுந்தது.

அப்போதும் பண்டிகை வந்தது. முதல் கிறிஸ்துமஸ் மட்டும் என்ன சொகுசிலா நடந்தது? குடிமதிப்புக்காக நிறைமாதக்காரியின் பயணம், சத்திரத்தில் இடமில்லை, பின்னாலேயே ஏரோது ராஜாவின் வாள், ராவோடு ராவாக எகிப்துக்கு ஓட்டம். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது ஜோசியர் சொல்வது. ‘சரியாகாத இடத்துக்கே இயேசு வந்தார்’ என்பதுதான் கிறிஸ்தவர் சொல்வது. இரண்டுக்கும் ‘நம்பிக்கை’ என்று ஒரே பெயர் வைத்து நாம்தான் குழப்பிக்கொள்கிறோம்.

ஆகவே தாராளமாகக் கட்டுங்கள். காகிதத்தில் பல்பு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் என் வீட்டு நட்சத்திரம் வால்நட்சத்திரமாகிவிட்டது.