தளர்வுகளுடன் வாழ்வது எப்படி?

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது விதி ஒன்றுதான்: வெளியே வராதே. குழப்பம் தொடங்கியது கதவைத் திறக்க ஆரம்பித்த பிறகு. எது திறந்திருக்கிறது, எது திறந்திருந்தாலும் போகக் கூடாது, எது மூடியிருந்தாலும் பின்வாசல் வழியாகப் போகலாம் என்பதற்கெல்லாம் கையேடு எதுவும் அப்போது இல்லை. அந்தக் குறை அடுத்த பெருந்தொற்றிலாவது இருக்கக் கூடாது என்பதற்காகவே இது. படித்துவிட்டு ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்தவும்.

1. அறிவிப்பைப் படிக்கும் முறை

அரசு அறிவிப்பை மூன்று முறை படிக்க வேண்டும். முதல் முறை, என்னென்ன திறக்கிறது என்று பார்ப்பதற்கு. இரண்டாவது முறை, உங்கள் ஊருக்கு அது பொருந்துமா என்று பார்ப்பதற்கு. நீங்கள் சென்னைக்காரர் என்றால் பெரும்பாலும் பொருந்தாது. மூன்றாவது முறை படிப்பதற்குள் டிவியைப் போடவும். நீதிமன்றம் அதை நிறுத்தியிருக்கலாம்.

உதாரணம், டாஸ்மாக். 2020 மே 7 அன்று சென்னை நீங்கலாக மதுக்கடைகள் திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. 16-ஆம் தேதி மறுபடி திறந்தன. முதல் நாள் விற்பனைக்கு வயதுவாரியாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள்: ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலையில், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மதியம், இளைஞர்களுக்கு அதற்கும் பிறகு. வயதானவர்கள் வெளியே வரவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இருந்தும் பெரியவர்களுக்கு முதல் மரியாதை கொடுப்பதில் நம் ஊர் தவறவில்லை.

ஓர் எச்சரிக்கை: நாளை மறுநாள் முதல் முழு ஊரடங்கு என்றால், உடனே கடைக்கு ஓடாதீர்கள். எல்லோரும் ஓடுவார்கள். ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையை முழுதாக மூடுகிறோம் என்று அறிவித்தபோது, நான்கு நாளில் சந்தித்திருக்க வேண்டிய அத்தனை பேரையும் மக்கள் 25-ஆம் தேதியே காய்கறிக் கடையில் சந்தித்து முடித்தார்கள். அடுத்த சில நாட்களில் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5-ஆம் தேதி சந்தையையே மூட வேண்டியதாயிற்று. அதற்குள் தக்காளியோடு கிருமியும் பல மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

2. சொந்த ஊருக்குப் போக

ஜூன் மாதம் பஸ் விடுவதற்காகத் தமிழ்நாட்டை எட்டு மண்டலங்களாகப் பிரித்தார்கள். மண்டலத்துக்குள் போவதென்றால் கிருமி கண்டுகொள்ளாது. மண்டலம் தாண்டினால்தான் அதற்குக் கோபம் வரும். அப்படித் தாண்ட இ-பாஸ் வேண்டும். செல்லுபடியாகும் காரணங்கள்: திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினர் மரணம். அம்மாவைப் பார்த்து நாளாகிவிட்டது என்பது காரணமாகாது. அம்மா படுத்த படுக்கையானால் பரிசீலிப்பார்கள்.

ஆகஸ்ட் 17 முதல் ஆதார் எண்ணோ ரேஷன் கார்டு எண்ணோ கொடுத்து விண்ணப்பித்த அனைவருக்கும் உடனே இ-பாஸ் என்று ஆனது. எல்லோருக்கும் கிடைப்பதை எதற்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு அரசு, செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸே வேண்டாம் என்று பதில் சொன்னது.

3. முடி வெட்ட

சலூன்கள் முதலில் கிராமங்களில் திறந்தன. சென்னைக்கு ஜூன் வரை காத்திருப்பு. கடைக்குப் போகும்போது ஆதார் அட்டை அவசியம், குறித்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் வளர்ந்த தாடியோடு போய் நின்றால் அட்டையிலிருப்பது நீங்கள்தானா என்ற சந்தேகம் வரலாம். கவலை வேண்டாம், அந்தப் படத்தைப் பார்த்து எவருக்கும் அது நீங்கள்தான் என்று தோன்றியதே இல்லை. பொறுமையிழந்து வீட்டிலேயே மனைவி கையில் கத்தரியைக் கொடுத்தவர்கள், அடுத்த மூன்று வாரம் அலுவலக மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைக்கவும். 

4. மாஸ்க் அணிய

மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்பது விதி. நாடியில் தொங்கவிட்டு, போலீஸ்காரர் கண்ணில் பட்டதும் ஏற்றுவது வழக்கம். அணியாவிட்டால் 2020-ல் அபராதம் 200 ரூபாய். வாயைத் திறந்து பேசும்போதுதான் இது மிகவும் தேவை என்பதால், பேச வேண்டியிருந்தால் முதலில் இதை இறக்கிவிட வேண்டும். எதிரே இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கிச் சொல்லவும்.

5. கல்யாணம் நடத்த

ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றது அரசு. உண்மையில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதைப்போல ஒரு நல்ல காலம் வாய்த்ததில்லை. அழைக்க விரும்பாதவர்களுக்கு இப்படிப் போன் செய்யவும்: "என்ன மாமா செய்யறது, கவர்மெண்ட்ல அம்பது பேர்தான்னு சொல்லிட்டாங்க." மாமா விடமாட்டார். "அதுக்கென்னப்பா, நாங்க முகூர்த்தத்துக்கு வரலை. முந்தின நாளே வந்துடறோம்." இதற்குத் தீர்வு இந்தக் கையேட்டில் இல்லை.

6. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப

2020 நவம்பர் 10 அன்று தியேட்டர்கள் பாதி இருக்கைகளுடன் திறந்தன. 16-ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளிகள் திறக்கும் என்றார்கள். பிறகு பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டுவிட்டு அந்த முடிவைக் கைவிட்டார்கள். ஆகவே அந்த மாதத்தில் படம் பார்க்கப் போகலாம், பாடம் படிக்கப் போக முடியாது. 2021 ஜனவரி 19-ல் 10, 12-ஆம் வகுப்புகள் வந்தன. பிப்ரவரியில் 9-ம் 11-ம் வந்தன. மார்ச்சில் 9, 10, 11 திரும்ப வீட்டுக்குப் போயின. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் வாசல் திறந்தது. யூ.கே.ஜி.யோடு வீட்டுக்கு வந்த குழந்தை அடுத்து வகுப்பறையில் உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பு. நடுவில் ஒன்றாம் வகுப்பு அப்பாவின் செல்போனில் நடந்தது, அப்பா வீட்டிலிருந்த நேரங்களில் மட்டும், அப்பாவிடம் அப்படியொரு செல்போன் இருந்த வீடுகளில் மட்டும்.

7. யாரை வீட்டுக்குள் விட

மிக முக்கியமான பகுதி இது. மேலே சொன்ன எல்லாவற்றிலும் அரசு தட்டுத்தடுமாறியாவது ஒரு முடிவெடுத்தது. இங்கே முடிவு முழுக்க உங்களுடையது. ஒவ்வொரு வீடும் தனி அரசாங்கம். கேட்டைப் பூட்டியவர்தான் முதலமைச்சர்.

பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவவும். காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறவைக்கவும். கூரியர் பெட்டியை ஒரு நாள் வெயிலில் வைக்கவும். இவ்வளவும் முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்திருக்கும் மைத்துனரை உள்ளே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடவும். நமக்கு வேண்டியவர்களிடம் கிருமி இருக்காது. அது சாமான் கொண்டுவரும் பையனிடமும், குப்பை எடுக்க வருபவரிடமும், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடமும்தான் இருக்கும். அப்படித்தான் நம்மில் பலர் நடந்துகொண்டோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நலச்சங்கங்கள் முதலில் தடுத்து நிறுத்தியது வீட்டு வேலைக்கு வருபவர்களை. ஜுரத்தோடு மாடிப்படி ஏறிய குடியிருப்போரை அல்ல.

இதுவரை சொன்ன விதிகள் அனைத்தும், போகலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்க வசதி இருந்தவர்களுக்கானவை. தெருவைப் பெருக்கியவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. தொற்று உச்சத்தில் இருந்தபோதும் அவர் வந்தாக வேண்டும். வீட்டு வேலைக்காரம்மாவுக்கோ, வர வேண்டாம் என்று நாம் சொன்னால் வரக் கூடாது, வா என்றால் அன்று காலையே வர வேண்டும். எப்போது திறப்பது என்பதை அவருக்காக முடிவு செய்தவர்கள் நாம்.

8. கடைசி விதி

இதில் மட்டும் கேலி இல்லை. அடுத்த முறை கேட்டைப் பூட்ட நேர்ந்தால் பூட்டிக்கொள்ளுங்கள். பயம் நியாயமானது, எது சரி என்று அன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அரசுக்கும் தெரியாது. ஆனால் வர வேண்டாம் என்று நீங்கள் சொன்ன மாதங்களுக்கும் அவருக்குச் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்.