காலுக்கு என்னடா வெக்கம், மருமவனே?

மருமவனே, கல்லாவை விட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காரு. மாமன் சொல்ற புத்திக்குக் காசு வேண்டாம். டீ மட்டும் சொல்லு, சீனி கம்மியா.

அந்தமான் அபர்டீன் பஜார்ல உன் கடையைப்போல லட்சணமான கடை இல்லைன்னு சொல்றாக. நானும் ஆமான்னே வச்சுக்கிறேன். அக்கா மகன் கடையாச்சே. வாசல்ல பனியன் தொங்குது. பக்கத்துலயே ஜட்டி, கலர் கலரா. எலாஸ்டிக் பட்டையில இருக்கிற கம்பெனிப் பேரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கும் தெரியுது. மணிக்கூண்டுல மணி பாக்க நிமிர்றவன் கண்ணு மொதல்ல அதுல விழுந்துட்டுத்தான் மேல போகும். நல்லது, தொழில்னா அப்படித்தான். ஆனா ஒரு சரக்கை மட்டும் உள்ள, பொம்பளைப் பிள்ளைக லெக்கிங்ஸுக்கும் பின்னால, மேல் தட்டுல ஒளிச்சு வச்சிருக்கியே, அது என்னப்பு? கள்ளச் சாராயமா? முட்டி வரைக்கும் இழுத்து மாட்டுற ஸ்டாக்கிங்ஸ்தானே!

நேத்து ஒருத்தர் வந்தாரு, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். "வீட்டுல கேட்டாக"ன்னாரு. நீயும் பவ்யமா, "அக்காவுக்கு என்ன சைஸ் அண்ணே?"ன்னு கேட்டே. மனுசன் திருதிருன்னு முழிச்சாரு. அப்புறம் பேண்டை லேசாத் தூக்கி, தன் கெண்டைக்காலை ரெண்டு கையாலயும் வளைச்சுப் பாத்துட்டு, "இம்புட்டு இருக்கும்"னாரு. அந்தக் கால்ல நரம்பு நீலமா, முடிச்சு முடிச்சாப் புடைச்சு நிக்குது. "பாதம் எப்படிண்ணே?"ன்னே. "பத்தாம் நம்பர் செருப்பு"ன்னாரு. மருமவனே, பத்தாம் நம்பர் செருப்புப் போடுற மகராசியை நான் இந்தத் தீவுல கண்டதில்ல. நீயும் சிரிக்காம காகிதத்துல சுத்தி, அதுக்கும் மேல கருப்புப் பையில போட்டுக் குடுத்தே பாரு, அங்கதான் மாமனுக்கு டீ புரையேறிப் போச்சு.

மோருக்குப் போய் மொந்தையை மறைப்பானேன்னு நம்ம ஊர்ப் பக்கம் கேப்பாக. இங்க வாங்குறவனும் மறைக்கிறான், ஊத்துறவனும் மறைக்கிறான்.

உன்னை மட்டும் குத்தம் சொல்லலப்பா. சரக்கு அனுப்புறவன் லட்சணமும் அப்படித்தான் இருக்கு. அந்தப் பெட்டியை எடுத்துப் பாரு. மேல யாரு படம்? வழுவழுன்னு ஒரு அம்மணி கால். மீசை வச்சவன் இந்தப் பெட்டியைக் கையில எடுத்தா, அடுத்தவன் வீட்டு ஜன்னலை எட்டிப் பாத்தவன் கணக்கா அவனுக்கே கூச்சம் வருது. எப்படி வாங்குவான்?

நம்ம தேசத்து பனியன் கம்பெனிக்காரக கதை இன்னும் வேடிக்கை. ஆம்பளைகிட்டப் பேச அவுகளுக்குக் கூச்சமே கிடையாது, தொடை வரைக்கும். டாலர் கம்பெனி, கல்கத்தாக்காரக, ஆம்பளை உள்ளாடைக்கு பிக்பாஸ்னு பேரு வச்சு, அக்ஷய் குமாரைக் கூட்டியாந்து டி.வி.யில அடிதடி பண்ண வச்சாக. அதே கம்பெனி லெக்கிங்ஸ் பின்ன ஆரம்பிச்சதும் என்ன பேரு வச்சுது தெரியுமா? மிஸ்ஸி! லக்ஸ் கம்பெனியும் கல்கத்தாதான். பனியனுக்கு கோஸி, லெக்கிங்ஸுக்கு லைரா. மேலே ஆம்பளை, கீழே பொம்பளை. அர்த்தநாரியை இடது வலதாப் பிரிச்சான் நம்ம சிற்பி, இவுக குறுக்கால வெட்டிப்புட்டாக.

காலை ஒட்டுற துணியே ஆம்பளைக்கு ஆகாதுன்னு இவுக நினைக்கிறாகளான்னா, அதுவும் இல்ல. ரூபா கம்பெனி தெர்மோகாட்னு ஒண்ணு விக்குதே, அது என்ன? இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் கவ்விப் பிடிக்கிற உருப்படி. டெல்லிக்காரன் டிசம்பர் மாசம் பேண்டுக்கு உள்ள அதை மாட்டிக்கிட்டுத்தான் ஆபீஸ் போறான். அப்போ வடக்க குளிரடிச்சா மட்டும் ஆம்பளைக்குக் கால் முளைக்குது. அந்தமானுக்குக் கப்பலேறி வந்தா அந்தக் கால் காணாமப் போயிருது.

"ஆம்பளைக எங்க மாமா வாங்குறாக?"ன்னு நீ கேப்பே. வெளிய எட்டிப் பாரு. மணிக்கூண்டுப் பக்கம் டிராபிக் போலீஸ்காரர் காலையில இருந்து நிக்கிறாரு. எதிர்க்கடைப் பரோட்டா மாஸ்டர் கல்லு முன்னால நிக்கிறாரு. பஸ் கண்டக்டர் நின்னுக்கிட்டே ஊரைச் சுத்துறாரு. உன் கடைப் பையன் நிக்கிறான். நீ மட்டும்தான் உக்காந்திருக்கே, அதுவும் நான் தள்ளி உக்காருன்னதால.

நின்னா என்ன ஆகுதுன்னு கேளு. கால்ல இறங்குன ரத்தம் நெஞ்சுக்குத் திரும்ப மேல ஏறணும். கெண்டைக்கால் சதை அமுக்கி அமுக்கி அதை ஏத்திவிடுது. ரத்தம் மறுபடி கீழ வழியாம இருக்க ரத்தக்குழாய்க்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கு. அசையாம நின்னுக்கிட்டே பொழப்பு நடத்துனா சதை வேலை செய்யாது. வால்வு தளர்ந்தவனுக்கு ரத்தம் அங்கயே தேங்கிக் குழாய் புடைச்சுக்கிரும். நம்மாளு நரம்பு சுருட்டிக்கிச்சுன்னுவான், டாக்டர் வெரிகோஸ் வெயின்ம்பாரு. கண்டுக்காம விட்டா கால் வீங்கும், தோல் கறுக்கும், கணுக்கால்கிட்டப் புண்ணாகி ஆற மாட்டேன்னு அடம் பிடிக்கும். அதுக்குத்தான் இந்த ஸ்டாக்கிங்ஸ். கணுக்கால்ல இறுக்கமாப் பிடிச்சு, மேல போகப் போகத் தளர்ந்து குடுக்கும். ரத்தம் மேல ஏற ஒரு கை தள்ளிவிடுது, அம்புட்டுதான்.

இதைக் கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? அமெரிக்காவுல டொலிடோங்கிற ஊர்ல இருந்த கான்ராட் ஜாப்ஸ்ட். ஜெர்மனியில பொறந்த எஞ்சினியர், ஆம்பளை. அவருக்கே கால் குழாய்க் கோளாறு. நீச்சல் குளத்துத் தண்ணியில நின்னா மட்டும் கால் வலி குறையுதேன்னு யோசிச்சிருக்காரு. தண்ணிக்குள்ள ஆழம் போகப் போக அழுத்தம் கூடும். நிக்கிறவனுக்குக் கணுக்கால்லதான் அதிகம் அமுக்கும், மேல வர வரக் குறையும். அதே கணக்கைத் துணியில பின்னிப்புட்டாரு. 1950 வாக்குல அது தொழிலா நடந்துச்சு. ஒரு ஆம்பளை தன் காலுக்காகச் செஞ்ச பண்டத்தை, இன்னிக்கு ஆம்பளையே பொண்டாட்டி பேரைச் சொல்லித் திருட்டுத்தனமா வாங்குறான். ஜாப்ஸ்ட் கேட்டா நீச்சல் குளத்தை விட்டு மேலயே வந்திருக்க மாட்டாரு.

"ஊரு சிரிக்குமே மாமா!" எந்த ஊரு? பழைய ஊர்க் கதையைக் கேளு. சீமையில காலுறையை வெளிய காட்டிப் பெருமைப்பட்டது ஆம்பளைகதான். 1589ல வில்லியம் லீன்னு ஒருத்தர் காலுறை பின்ன மிசினே கண்டுபிடிச்சாரு. பிரான்சு ராஜா பதினாலாம் லூயி 1701ல படம் வரைய நின்னப்போ, அங்கியை ஒதுக்கி வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் போட்ட காலைத்தான் முன்னால நீட்டுனாரு. அம்புட்டுப் பெருமை! பின்னாடி நீளப் பேண்டு வந்து ஆம்பளைக் காலை மூடிப்புடுச்சு. 1940ல அமெரிக்காவுல நைலான் ஸ்டாக்கிங்ஸ் கடைக்கு வந்ததும் அது முழுக்கப் பொம்பளைகளுக்குன்னு பட்டா போட்டாச்சு.

அட, உன் பஜார்ப் பேர்லயே ஸ்காட்லாந்துல ஒரு ஊரு இருக்கே, அபர்டீன். அந்த நாட்டு ஆம்பளைக விசேசம்னா கட்டம் போட்ட பாவாடையைக் கட்டி, முட்டி வரைக்கும் கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டி, பட்டி போட்டு நிறுத்தி, நெஞ்சை நிமித்தித்தான் நடப்பாக. அந்த அபர்டீன்ல நிமித்துறான், இந்த அபர்டீன்ல ஒளிக்கிறான். நம்ம வாத்தியார் எம்.ஜி.ஆர். ராஜா ராணிப் படங்கள்ல காலோட ஒட்டுன உடுப்புல வாள் வீசலையா? கொட்டகையில விசில் அடிச்சவன் யாரும் அது பொம்பளைத் துணின்னு எந்திரிச்சுப் போகலையே!

ஆஸ்திரேலியாக் கடற்கரையில இன்னும் கூத்து. அங்க ஒரு வகைச் சொறிமீன், பாக்ஸ் ஜெல்லிம்பாக, ஆளையே கொன்னுரும். தோல்ல பட்டாத்தான் அது கொட்டும். நடுவுல துணி இருந்தா அதோட முள்ளு அவ்வளவா வேலை செய்யாது. அதனால குயின்ஸ்லாந்துல கடல்ல விழுந்தவனைக் காப்பாத்துற மல்லனாட்டம் ஆளுக எல்லாம் பொம்பளைக பேன்டிஹோஸை வாங்கிக் கால்ல ஒண்ணு மாட்டி, இன்னொண்ணை வெட்டிக் கையிலயும் மாட்டிக்கிட்டுத் தண்ணியில குதிச்சாக. இப்போ அதுக்குன்னே தனி உடுப்பு வந்திருச்சு. நம்மளைச் சுத்தியும் கடல்தான், சொறியும் உண்டு. கார்பின்ஸ் கோவ் கடற்கரையில நிக்கிற பையன் ஒருத்தன் பேன்டிஹோஸ் கேட்டு வந்தா, "தங்கச்சிக்கா தம்பி?"ன்னுதானே கேப்பே?

கம்பெனிக்காரன் புத்திக்கு ஒரு உதாரணம் சொல்றேன், சிரிக்காதே. 1974ல அமெரிக்காவுல பியூட்டிமிஸ்ட்னு ஒரு பேன்டிஹோஸ் விளம்பரம். கேமரா கால் விரல்ல ஆரம்பிச்சு மெல்ல மேல ஏறுது. முகத்தைப் பாத்தா ஜோ நாமத்! அவுக ஊரு ஃபுட்பால்ல பெரிய தலை. அவரு என்ன சொன்னாரு? நான் இதைப் போடுறதில்ல, என் காலே இதுல இம்புட்டு அழகுன்னா உங்க கால் எப்படி இருக்கும்னு பொம்பளைகளைப் பாத்துச் சொன்னாரு. ஆம்பளையையே மாட்டவிட்டு, ஆம்பளைக்கு விக்காமப் போனவனை என்னன்னு சொல்ல?

ஆம்பளைக்கு விக்க இன்னொரு வழியும் இருக்கு, அது இதைவிட மோசம். 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீமை எத்தனையோ ஆம்பளைக வீட்டுல திருடிப் பூசுனாக. அதைக் கண்டுக்கிட்ட இமாமி கம்பெனி 2005ல ஆம்பளைக்குன்னே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்னு இறக்குச்சு. அப்புறம் ஷாருக் கான் வந்து, பொம்பளை கிரீம் போடுறவனைக் கேலி பண்ணித்தான் வித்தாரு. சரக்கு வித்துப் போச்சு, வெக்கம் போகல. பொம்பளை சாமான்னா கேவலம்னு இன்னும் ஒரு முடிச்சு கூடப் போட்டாச்சு. ஸ்டாக்கிங்ஸையும் அப்படி விக்கணும்னு நினைச்சு, பெட்டியில ஒரு புலிப் படம் போட்டு, விலையையும் ஏத்திறாதீகன்னு கம்பெனிக்காரனுக்குச் சொல்லி அனுப்பு.

வேட்டி விவகாரத்தைப் பாத்துக் கத்துக்கச் சொல்லு. பேண்டு போட்டாத்தான் மரியாதைன்னு நம்ம பிள்ளைக வேட்டியைப் பரண்ல போட்டாக. திருப்பூர்ல 1983ல ஆரம்பிச்ச ராம்ராஜ், வேட்டி கட்டினவனுக்கு சல்யூட் அடிக்கிற மாதிரி விளம்பரம் எடுத்துச்சு. யாரையும் கேலி பண்ணல. கட்டுனவனை நிமிர வச்சுது. 2014ல சென்னையில ஒரு கிளப்புக்குள்ள வேட்டி கட்டின நீதிபதியை விடலைன்னு ஆனப்போ, தமிழ்நாட்டுச் சட்டசபையே சட்டம் போட்டு அந்தத் தடையை எடுத்துச்சு. துணிக்கு மரியாதை வாங்கித் தர முடியும் மருமவனே, விக்கிறவன் மொதல்ல தலை நிமிந்தா.

அதனால நீ செய்ய வேண்டியதைக் கேட்டுக்க. மொதல்ல அந்தப் பெட்டிகளை மேல் தட்டுல இருந்து இறக்கு. சென்னையில இருந்து அறுபது மணி நேரம் கப்பல்ல வந்த சரக்கு, நம்ம ஊரு மழை ஈரத்துல பூஞ்சை பிடிச்சா யாருக்கு நட்டம்? பனியனுக்குப் பக்கத்துலயே தொங்க விடு. "ஆண்களுக்கும் உண்டு"ன்னு தமிழ், இந்தி, வங்காளம் மூணுலயும் ஒரு அட்டை எழுதி மாட்டு. ஊரு பேரையே 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திப்புட்டாக, உன்னால ஒரு அட்டையை மாத்த முடியாதா?

ரெண்டாவது, ஒரு இஞ்சு டேப்பு வாங்கு. கணுக்கால்ல ஒடுங்குன இடம், கெண்டைக்கால்ல பருத்த இடம், முட்டி வரைக்கும் நீளம், மூணையும் அளந்து குடு. குத்துமதிப்பா எடுத்தா வழியும், இல்ல முட்டிக்குக் கீழ வெட்டும். அழுத்தமும் 15-20, 20-30ன்னு பல தரத்துல இருக்கு; எது வேணும்னு டாக்டர்தான் சொல்லணும். சர்க்கரை முத்துனவுக, காலுக்கு ரத்த ஓட்டம் கம்மியா இருக்கிறவுக, ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில காட்டாம மாட்டவே கூடாதுன்னு சொல்லி அனுப்பு. காலையில கால் வீங்குறதுக்கு முன்னாலயே மாட்டணும், ராத்திரி கழட்டிரணும். இம்புட்டையும் கருப்புப் பையில சுத்திக் குடுத்தவனால சொல்ல முடியாது. முகத்தைப் பாத்துப் பேசுனவனாலதான் முடியும்.

மூணாவது, அடுத்த தடவை கம்பெனி ஏஜென்ட் கப்பல்லயோ பிளேன்லயோ வந்தா, ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னால ஒண்ணு கேளு: "அய்யா, பெட்டியில ஒரு பரோட்டா மாஸ்டர் காலைப் போடுவீகளா?" முடி இருக்குமேன்னு அவரு யோசிப்பாரு. இருக்கட்டும்னு சொல்லு. அந்தக் கால்தான் இங்க காசு குடுக்குது.

கடைசியா ஒண்ணு. எவன் வந்து எதைக் கேட்டாலும் யாருக்குன்னு கேக்காதே. அளவு என்னன்னு மட்டும் கேளு. வாங்குறவனுக்குப் பொய் சொல்ற வேலை மிச்சம், உனக்குச் சிரிப்பை அடக்குற வேலை மிச்சம்.