மிச்சம் பிடிப்பவருக்கு அபராதம்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராயின் திருச்சமூகத்துக்கு, அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது:

செல்போனைக் குறையுங்கள், நேரத்தோடு படுங்கள், காலையில் எழுந்து நடங்கள் என்று நாட்டில் சொல்லாத வாய் இல்லை. டாக்டர் சொல்கிறார், பள்ளிக்கூடம் சொல்கிறது, அதே செல்போனில் ஓடும் வீடியோவும் சொல்கிறது. பேச்சைக் கேட்டு ஒருவர் நிஜமாகவே குறைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? நாளுக்கு ஒன்றரை ஜிபி என்று ப்ரீபெய்டில் காசு கட்டியவர் அரை ஜிபியோடு போனை வைத்துவிட்டுப் படுத்தால், மீதி ஒரு ஜிபி நள்ளிரவு 12 மணிக்குக் காலாவதி. பாதி தீர்ந்ததும் ஒரு எஸ்எம்எஸ் வரும், 90 விழுக்காடு தீர்ந்ததும் இன்னொன்று, முழுக்கத் தீர்ந்தால் டாப்-அப் போடச் சொல்லி மற்றொன்று. ‘இன்னும் ஒரு ஜிபி கிடக்கிறது, நாளைக்கு ஆகட்டும், தூங்குங்கள்’ என்று இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இலையில் சோற்றை மிச்சம் வைத்தாலே ஏச்சு விழும் வீடுகள் எங்களுடையவை. வீணாக்கக் கூடாது என்ற அந்த நல்ல புத்தியையே ரீல்ஸ் பார்க்க வைக்கும் தூண்டிலாக்கிய திட்டத்துக்குத் தாங்கள் தடை சொல்லாதிருப்பது, சிக்கனத்தின் மீது தங்களுக்குள்ள மரியாதையைக் காட்டுகிறது.

டேட்டா வேண்டாதவர் வாங்காமல் இருக்கட்டுமே என்பார்கள். அதற்கும் தாங்கள் வழி செய்தீர்கள், மறுக்கவில்லை. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையிட்டீர்கள். ஏர்டெல் உடனே கீழ்ப்படிந்தது: 84 நாளுக்கு 6 ஜிபியோடு 509 ரூபாயாக இருந்த திட்டத்திலிருந்து அந்த 6 ஜிபியை மட்டும் உருவிவிட்டு 499 என்றது. பட்டன் போன்காரரின் துறவறத்துக்கு 10 ரூபாய் தள்ளுபடி! தாங்கள் விலைகளைப் பரிசீலிப்பதாகச் சொன்ன பிறகு அது 469 ஆயிற்று. எங்கள் ஊரில் மாதா கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், மாட்டின் மேல் ஏறி வந்ததற்கு மட்டுமல்ல, அதன் நிழலில் ஒதுங்கியதற்கும் வாடகை கேட்டவனைப் பரமார்த்த குரு கதையில் வைத்தார். மாட்டில் ஏறாமலே நிழலுக்குக் கட்டணம் கட்டுகிற சந்தாதாரரை அவர் கற்பனைகூடச் செய்யவில்லை.

நிறுவனங்களின் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. டவரின் திறனை மூட்டை கட்டி வைக்க முடியாது. எல்லோரும் மிச்சத்தைச் சேர்த்து ஒரே நாளில் இறக்கினால் நெரிசல்தான். சரி. அப்படியானால் போஸ்ட்பெய்டுக்காரரின் மிச்சம் மட்டும் அடுத்த மாதத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? வார நாள் மிச்சத்தை சனி, ஞாயிறில் தீர்த்துக்கொள்ள வோடபோன் ஐடியாவால் எப்படி விட முடிந்தது? அதே நிறுவனம் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை அளவில்லாமல் டேட்டா தரும் திட்டமும் வைத்தது. நெரிசல் இல்லாத நேரம், கணக்கு சரிதான். ஆனால் அதே 12 மணி முதல் 5 மணி வரைதான், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தமிழ்நாடு அரசு 2025இல் மூடச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் சரியென்றது. சட்டம் தூங்கச் சொன்ன நேரத்தில் சலுகை தட்டி எழுப்பியது.

மனக்கட்டுப்பாடு இருந்தால் போதுமே என்பது கடைசி ஆட்சேபம். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்து வட்காவ் கிராமம் 2022இல் தனித்தனி மனங்களை நம்பி உட்காரவில்லை. மாலை 7 மணிக்குச் சங்கு ஊதியதும் ஒன்றரை மணி நேரம் டிவியும் செல்போனும் அணைய வேண்டும் என்று ஊர் சேர்ந்து முடிவெடுத்தது. ஏலாக்குறிச்சியிலும் ஊதலாம், ஊதி அணைத்த நேரத்தில் மிச்சமான டேட்டா மட்டும் நள்ளிரவில் கம்பெனிக்கே திரும்பிப் போகும். ஆகவே, ப்ரீபெய்டிலும் அன்றைய மிச்சம் மறுநாளில் சேரும்படி ஒரு வரி ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அது நிறுவனங்களுக்குப் பெரும் பாரமென்றால், பதினொன்றரை மணி எஸ்எம்எஸ்ஸாவது.

இப்படிக்கு,
28 நாளில் மாதம் முடிந்து, ஆண்டுக்கு 13 மாதம் வாழும் ப்ரீபெய்டு சந்தாதாரர்