விரிகுடாவும் வளைகுடாவும்

ஆங்கிலேயர் 'பே' என்பதைத் தமிழர் விரிகுடா என்றும், அவர்கள் 'கல்ஃப்' என்பதை வளைகுடா என்றும் வழங்குகின்றனர்; இரண்டுமே நிலத்துக்குள் புகுந்த கடற்பகுதிகள் என்றாலும், சிறியதாகவும் வாய் அகன்றும் கிடப்பது விரிகுடா, பெரியதாகவும் வாய் ஒடுங்கியும் கிடப்பது வளைகுடா எனப் பிரித்துக் கற்பிப்பது வழக்கம். உலகப் படத்தைத் திறக்காத வரையில் இந்த இலக்கணத்துக்கு இடையூறு ஏதும் இல்லை. திறந்தாலோ, ஏறத்தாழ 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த வங்கக்கடல் விரிகுடாவாகவும், அதில் எட்டில் ஒரு பங்கைக்கூட எட்டாத பாரசீகக் கடற்பகுதி வளைகுடாவாகவும் வீற்றிருப்பதைக் காணலாம். பெயரிட்ட மாலுமிகள் பாடநூல் படித்தவர்கள் அல்லர்.

நாஞ்சில் நாட்டில் வளைகுடா என்னும் சொல்லின் பொருள் மேலும் சிக்கலானது. மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை என்று தரகர் சொன்னால் பெண்வீட்டார் நாற்காலியை இழுத்துப் போடுவர். மன்னார் வளைகுடாவில் வேலை என்றால், சின்னமுட்டத்துக்குப் படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று விசாரிப்பர்.

கன்னியாகுமரிக்கு வருவோருக்கு வழிகாட்டிகள் இடக்கையால் வங்காள விரிகுடாவையும், வலக்கையால் அரபிக்கடலையும், கை போதாமல் முகவாயால் இந்தியப் பெருங்கடலையும் சுட்டுவர். (நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணை மலையடிவாரத்தில் இருப்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம்; அதில் ஒரு கடலும் இல்லை.) வழிகாட்டியின் இடக்கைப் பக்கம் கிடப்பது உண்மையில் மன்னார் வளைகுடாவே. கடல்களின் எல்லைகளை வகுக்கும் பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பு 1953-இல் வெளியிட்ட பதிப்போ அதற்கும் மேலே போய், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட மணல்திட்டுகளோடு வங்காள விரிகுடாவை அப்பால் நிறுத்தி, அரபிக்கடலை இலட்சத்தீவுகளுக்கு மேற்கே தள்ளி, இலங்கையின் தென்முனையிலிருந்து மாலத்தீவின் தென்கோடிக்கு இழுத்த கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலை ஒதுக்கியது. அந்தக் கணக்கின்படி குமரிமுனையைச் சூழ்ந்திருப்பது ஒரே கடல். அதன் பெயர் இலட்சத்தீவுக் கடல். அப்பெயரைச் சொல்லி அங்கே யாரும் நீராடியதாகத் தெரியவில்லை. முக்கடலில் மூழ்கிப் பெற்ற புண்ணியத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுமாறு அந்த அமைப்பும் இதுவரை யாருக்கும் ஓலை அனுப்பவில்லை.