வேன் சுற்றுலாவும் ஆறு பெரும்பொழுதும்: ஓமந்தூரை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார். தலைவி எந்தப் பொழுதில் காத்திருப்பாள், எந்தப் பொழுதில் ஊடுவாள் என்பதற்கெல்லாம் அதில் இடம் இருக்கிறது. இருபது பேர் கொண்ட ஒரு குடும்பம், ஒரு வேன், ஓர் அண்டா, இரண்டு தார்ப்பாய் சகிதம் எந்தப் பொழுதில் ஊரை விட்டுக் கிளம்பலாம் என்பதற்கு மட்டும் விதி இல்லை. உரையாசிரியர்களும் இதைத் தொடாமலே போய்விட்டார்கள். அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இந்த ஆய்வு.

ஆய்வுக்களம், திண்டிவனம்–புதுச்சேரிச் சாலையில் உள்ள ஓமந்தூர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் முதல்வரான ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் ஊர் என்பதால் நாட்டுக்கே தெரிந்த பெயர். காணும் பொங்கலன்று மெரினாவுக்குப் போகும் வேனில் உள்ள பிள்ளைகள், அண்ணா சாலைப் பக்கம் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து "நம்ம ஊரு! நம்ம ஊரு!" என்று கத்துவதும் இதனால்தான். ஆனால் நாம் இவ்வூரைத் தேர்ந்தது அரசியல் காரணமாக அல்ல, திசை காரணமாக. தெற்கே போனால் புதுச்சேரிக் கூட்டம். வடக்கே மேல்மருவத்தூர்க் கூட்டம். மேற்கே மயிலம், மேல்மலையனூர், திருவண்ணாமலை என்று கூட்டத்துக்குப் பின் கூட்டம். கிழக்கே மரக்காணம், அங்கே கூட்டம் குறைவு, ஆனால் புயல் வரும். ஆய்வாளனுக்கு இதைவிட வளமான களம் வேறு ஏது?

முதலில் வரையறை. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை. நம்மிடமும் இவை உண்டு, இருக்கும் இடம்தான் வேறு. கட்டில் என்பது சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்த கோரைப்பாய். அடுப்பும் அண்டாவும் கூரைமேல் கேரியரில். கழிப்பறை, டிரைவர் எந்த பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறாரோ அது. இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருவண்ணாமலை தீபத்துக்கும் மேல்மலையனூர் மாசித் திருவிழாவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வேன் பிடிக்கிறார்கள். மாட்டுக்கு வைக்கோல் போட நிறுத்திய புளியமரத்தடியில்தான் வேன்காரர்களும் நெடுநாள் சமைத்தார்கள். சாலை நான்கு வழியானபோது மரங்கள் போயின. இப்போது சமைக்கக் கோயில் மண்டபம் வேண்டும், அல்லது மழை பெய்யாத வானம் வேண்டும். சுற்றுலாவும் வானிலையும் இவ்வளவு நெருங்கிப் பின்னிக்கொண்டது அந்த மரங்கள் விழுந்த பிறகுதான் என்பது இவ்வாய்வின் துணைக் கருதுகோள்.

அடுத்து, கூட்டம். நாம் ஏறாத வேன்களில் வந்தவர்களைக் கூட்டம் என்கிறோம். நம் வேனில் வந்த இருபது பேர் எக்காலத்திலும் கூட்டம் ஆகார். தரிசன வரிசையில் நம் ஆட்களை நடுவில் சேர்த்துக்கொள்வது பாசம், பிறர் செய்தால் அது முறைகேடு. இவ்வரையறையை வேனில் இருந்த எவரும் மறுக்கவில்லை.

இனிப் பொழுதுகள்.

கார்காலம், ஆவணியும் புரட்டாசியும். ஆவணியில் முகூர்த்தம் நிறைய. வேன்கள் எல்லாம் பெண்ணழைப்புக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் போய்விடும். புரட்டாசியில் வேன் கிடைக்கும், கறி கிடைக்காது. கறி இல்லாத பயணத்தைச் சுற்றுலா என்று சொல்லலாமா, யாத்திரை என்று சொல்ல வேண்டுமா என்பதில் மாமாக்களுக்கும் அத்தைகளுக்கும் கருத்து வேற்றுமை உண்டு. எந்த ஊருக்குப் போவதானாலும் புதுச்சேரி வழியாகப் போவதே கிட்டம் என்று நிறுவும் மாமாக்களின் புவியியலைத் தனிக் கட்டுரையில் காண்போம்.

கூதிர்காலம், ஐப்பசியும் கார்த்திகையும். இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் வீடே இரண்டாகப் பிளப்பது இப்போதுதான். வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் ஏரி, ஏரியை நம்பித்தான் சம்பா. "மழை பேஞ்சா தேவல" என்று காலையில் தெருத் திண்ணையில் நாலு பேர் காது கேட்கச் சொல்கிற தாத்தா, சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் நின்று டூர் போகும் சனிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று மெதுவாகக் கேட்டுக்கொள்கிறார். வருண பகவானுக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு. பிள்ளைகள் மூன்றாவது மனு போடுகிறார்கள். கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கும் அளவுக்குப் பெய்ய வேண்டும், அதே சமயம் டூர் நின்றுபோகும் அளவுக்குப் பெய்யக் கூடாது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை ஆய்வு மையம் நிறம் பிரித்துச் சொல்லும் எச்சரிக்கையில், இந்த மூன்றாவது மனுவுக்குப் பொருந்துவது ஆரஞ்சு. சமைக்கும் பெரியம்மாவுக்கு மஞ்சளே அதிகம். டிரைவருக்கு எந்த நிறமும் ஒன்றுதான். "மழ வந்தா இன்னா சார், வண்டிக்குக் கூரை இல்லியா?" என்பது அவர் கட்சி. கூரைமேல் இருக்கும் அரிசி மூட்டையைப் பற்றி அவருக்குக் கட்சி கிடையாது.

முன்னறிவிப்பைப் பார்த்துத் திட்டமிடலாமே என்று நகரத்து அறிஞர்கள் கேட்பார்கள். பார்க்கத்தான் செய்கிறோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலாகும் என்றார்கள். பிறகு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையேறும் என்றார்கள். 29-ஆம் தேதி புயலாகவே ஆனது. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, போய்த் தொலையாமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. எங்களுக்குப் பக்கத்து ஊரான மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. தென்பெண்ணை பெருகிச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அரசூர் அருகே போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் ரத்தாயின. அது வேடிக்கைக்குரிய மழை அல்ல. வீடும் பயிரும் போனவர்கள் இங்கே நிறைய. அதற்குப் பிறகு ஓமந்தூர்ப் பக்கம் கார்த்திகையில் டூர் பேச்சை எடுப்பவரை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. கூதிர், ஐயமின்றி நீக்கப்பட்டது.

முன்பனி, மார்கழியும் தையும். அரையாண்டு விடுமுறை வருகிறது, வானம் வெளுக்கிறது. இதுதான் சரியான காலம் என்று ஆய்வாளன் பேனாவை எடுக்கும்போது மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை வேன்களும் சபரிமலைக்குக் கறுப்பு வேட்டி வேன்களும் அதே சாலையில் வரிசை கட்டுகின்றன. ஆண்டு முடியும் வாரத்தில் சென்னையே புதுச்சேரிக்கு இறங்குகிறது. ஆத்தூர் சுங்கச்சாவடியில் நிற்கும் நேரத்தில் ஒரு சாம்பார் கொதித்து இறங்கிவிடும். மார்கழியில் மழை ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் பதில் உண்டு: தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30. தைப்பூசத்துக்கு வடலூர் போகலாம், ஏழு திரை விலக ஜோதி காணலாம், வயிறார அன்னதானமும் உண்டு. ஆட்சியை விட்டிறங்கிய பின் ஓமந்தூராரே வள்ளலார் பணிக்குப் போய்ச் சேர்ந்த ஊர். ஆனால் அன்று அங்கே கூட்டத்துக்குக் குறைவு என்று எவரும் சொன்னதில்லை.

பின்பனி, மாசியும் பங்குனியும். வானிலை நோக்கில் இதற்கு இணை கிடையாது. மழை இல்லை, வெயில் இன்னும் பல்லைக் காட்டவில்லை, அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் காசும் இருக்கும். அதனாலேயே அரசு இக்காலத்தைப் பொதுத்தேர்வுக்கு ஒதுக்கிவிட்டது. இருபது பேர் உள்ள குடும்பத்தில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் ஒரு பிள்ளை எந்த ஆண்டிலும் இருந்தே தீரும். அந்தப் பிள்ளை படிக்காது. ஆனாலும் மற்ற பத்தொன்பது பேரும் அது படிப்பதற்காக வீட்டில் இருக்க வேண்டும்.

இளவேனில், சித்திரையும் வைகாசியும். கோடை விடுமுறை. தேர்வு முடிந்தது, மலைக்குப் போகலாம். போகலாம்தான். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ். கூட்டத்தை அளந்து குறைக்கலாமா என்று சுற்றுலாப் பயணிகள் வாய்ப்பேச்சாகப் பேசியதை உயர் நீதிமன்றமே 2025-இல் எண்ணில் எழுதிவிட்டது: ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கூட்டவியல் துறையில் இதை மைல்கல் என்றே சொல்வேன். ஆனாலும் வார இறுதியில்தான் கூட்டம் அதிகம் என்பதால் வார இறுதிக்குத்தான் இடம் அதிகம். ஆக, கூட்டத்தைத் தவிர்க்கும் ஏற்பாடு, கூட்டமான நாளிலேயே வரச்சொல்லி அழைக்கிறது. எட்டாயிரத்தில் ஒன்றாக நம் வேனும் சேர்ந்துவிட்டால், மேலே சொன்ன வரையறைப்படி மிச்சம் 7,999-தான் கூட்டம்.

முதுவேனில், ஆனியும் ஆடியும். பள்ளி திறந்தாயிற்று. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் வேன் வாடகை பேசலாம். ஆனால் மேல்மலையனூரில் அமாவாசை ஊஞ்சல், மயிலத்தில் ஆடிக் கிருத்திகை, ஊரிலேயே அம்மனுக்குக் கூழ். குற்றாலத்தின் கதை வேறு. மழைக்குப் பயந்து வாழும் சுற்றுலாவில், சாரலில் நனைவதற்கென்றே காசு கொடுத்துப் போகும் ஒரே இடம் அது. அருவி பொங்கினால் குளிக்கத் தடை, பொங்காவிட்டால் போனது வீண். அளவாகப் பொங்க வேண்டும். பிள்ளைகளின் மூன்றாவது மனுவை இங்கே நினைவுகூர்க.

ஆறு பொழுதும் நீங்கிவிட்டன. ஆயினும் வேன்கள் போகின்றன. இம்முரணை எப்படி விளக்குவது? ஒரு முறை வெயிலும் மழையும் இல்லாத ஒரு வாரநாளில், ஆளே இல்லாத ஒரு கடற்கரையில் இக்குடும்பம் இறங்கியது. அத்தை சுற்றும்முற்றும் பார்த்தார். "இன்னாடா இது, ஈ காக்கா இல்ல? இங்க இன்னா இருக்குதுன்னு கூட்டியாந்த?" அரை மணியில் வேன் திரும்பியது. சுண்டல்காரர் இல்லை, பலூன்காரர் இல்லை, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. அன்று பிறந்தது இவ்வாய்வின் முடிவு: நாம் தவிர்க்க விரும்புவது கூட்டத்தை அல்ல, நமக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களை. பின்னால் எத்தனை பேர் நின்றாலும் மகிழ்ச்சியே.

இதை ஏற்றுக்கொண்டால் திட்டமிடுதல் எளிது. ஊருக்கு முன்னால் போய்விட வேண்டும், அவ்வளவுதான். என் பரிந்துரை செஞ்சிக்கோட்டை. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றோடு சேர்த்து 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. வெளியூர் வேன்கள் வழி கண்டுபிடித்து வரும்வரை நமக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. தை மாதம் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறும் முன் ராஜகிரி ஏறிவிடுங்கள். முட்டி வலிக்காரர்கள் கீழே கல்யாண மகால் பக்கம் உட்காரலாம். புளிசோற்றுத் தூக்கைக் குரங்குகளிடமிருந்து காக்க ஒருவரை நியமிக்கவும். தார்ப்பாயை எடுத்துச் செல்லவும், தை என்று நம்பி விட்டுவிட வேண்டாம். செவ்வாய்க்கிழமை பள்ளி உண்டு என்பதை அறிவேன். விடுப்பு விண்ணப்பத்தில் காய்ச்சல் என்று எழுதுவதா, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவதா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எதை எழுதினாலும் பாட்டியைக் கோட்டை வாசலில் நிற்கவைத்து எடுத்த படத்தை அன்றைக்கே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.