பொம்மைப் புத்தகம் படிக்காதவர்

தீவிர வாசகரை அடையாளம் காண ஜிப்பா தேவையில்லை. ஜோல்னாப் பையும் வழக்கொழிந்துவிட்டது. கையில் பென்சில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கோடு போடாத புத்தகத்தை அவர் படித்த கணக்கில் சேர்ப்பதில்லை. “இப்ப என்ன வாசிக்கிறீங்க?” என்று கேட்டால் கூரையைப் பார்த்துவிட்டு, “மறுவாசிப்புதான்” என்பார். எதையும் முதல் தடவையாக அவர் வாசித்து யாரும் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் அப்படி ஓர் அண்ணன் உண்டு. மௌனி கதையில் ஒரு பத்திக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்பவர். காய்ச்சலில் கிடந்தபோது, “கண்ணுக்குச் சிரமமில்லாம ஏதாவது குடு தம்பி” என்றார். ‘ஸ்னோபியர்சர்’ கொடுத்தேன். ழாக் லோப் எழுதி ழான்-மார்க் ரோஷெத் வரைந்து, 1982-இல் பிரெஞ்சில் தொடராக வரத் தொடங்கிய கதை. பூமி உறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் மனிதர்கள் 1001 பெட்டிகள் கொண்ட, நிற்கவே நிற்காத ரயிலில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் சொகுசு, வாலில் நெரிசலும் பசியும். வாலிலிருந்து தப்பித்த ஒருவன் எஞ்சினை நோக்கிப் போகிறான்.

“பொம்மைப் புத்தகமா?” செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் பிடித்தார். “அதுலயும் சயின்ஸ் ஃபிக்‌ஷனா?”

அரை மணியில் திருப்பித் தந்துவிட்டார். வசன பலூன்களை மட்டும் படித்திருக்கிறார். பேச்சில்லாத கட்டங்களைக் காட்டி, “இங்கெல்லாம் வசனம் விட்டுப்போச்சு. நம்ம சிற்றிதழ்லயும் நடக்கிறதுதான்” என்று பெருந்தன்மையாக மன்னித்தார். ஒரு பக்க ஓரத்தில் ஏழெட்டுப் பென்சில் புள்ளிகள். அடிக்கோடு போட இடம் தேடித் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், பாவம்.

“படத்தையும் படிக்கணும்ணே” என்றேன். முறைத்தார். ஆனாலும் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போன். “தம்பி, ஒரு பெட்டி 23 மீட்டர்னா மொத்தம் 23 கிலோமீட்டர் வருது. எஞ்சின் பீச் ஸ்டேஷன்ல நின்னா கடைசிப் பெட்டி பல்லாவரம் பக்கம் நிக்கும். இவ்வளவு நீளத்துக்கு டீ எப்படிப்பா வரும்?” அடுத்த போனில், வால் பெட்டி நம் அன்ரிசர்வ்டுதான் என்றார். மூன்றாவது போனில் தீர்ப்பே வந்தது. “இது சயின்ஸ் ஃபிக்‌ஷனே இல்ல. இது அரசியல் பிரதி.”

இதுதான் இந்த ஜாதி வாசகரின் சூட்சுமம். அறிவியல் புனைவு அவருக்குப் பிடிக்காது. தப்பித்தவறிப் பிடித்துவிட்டால் அது அறிவியல் புனைவு கிடையாது. 2013-இல் போங் ஜூன்-ஹோ இதைப் படமாக எடுத்ததைச் சொன்னேன். “மூலத்துக்கு நியாயம் செஞ்சிருக்க மாட்டான்” என்றார், பார்க்காமலே.

அண்ணி சொன்னதுதான் முக்கியம். அண்ணன் இப்போது அந்தப் புத்தகத்தை ஒரு சிற்றிதழுக்குள் மறைத்துவைத்துப் படிக்கிறாராம். 1972-இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்த காலத்தில் அதைச் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த கை அது. பழக்கம் போகவில்லை.

நேற்று தெருமுனையில் பார்த்தார். “இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்காமே?” என்றார். இருக்கிறது. முதல் பாகம் இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை.